நான்கு சக்கரமும் இழுத்தால் வளைவு வசப்படுமா?

ஜப்பானின் வடகிழக்கே தோஹோகு பகுதியில் குளிர்காலம் வந்துவிட்டால் மலைச்சாலைகளைப் பனி மூடிவிடும். மின்தடங்களைப் பார்வையிடப் போகும் மின்நிறுவன ஊழியர்கள் அந்நாளில் ஜீப்பைத்தான் நம்பியிருந்தார்கள். ஜீப் பனியில் ஏறும். ஆனால் உள்ளே குளிரையும் குலுக்கலையும் தாங்க முடியாது. ஜீப்பைப் போல ஏறவும் வேண்டும், காரைப் போல உட்கார்ந்து போகவும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். சுபாரு தன் முன்சக்கர இயக்க வேன் ஒன்றில் பின்சக்கரங்களுக்கும் விசை போக வழிசெய்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1972இல் லியோனே எஸ்டேட் வேன் நாற்சக்கர இயக்கத்தோடு விற்பனைக்கு வந்தது. 1980இல் ஜெனீவா கண்காட்சியில் ஆடி தன் நாற்சக்கர இயக்கக் காரான குவாட்ரோவைக் காட்டியது. பிறகு மிட்சுபிஷி, டொயோட்டா, வால்வோ, ஸ்கோடா என்று குடும்பக் கார் செய்யும் பல நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன.

வரலாற்றை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. லியோனே ஏறுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி. வேகமாகத் திரும்புவதற்காக அல்ல. ஆனால் 1993இல் நியூசிலாந்து ராலியில் காலின் மெக்ரே ஒரு சுபாரு லெகசியை ஓட்டி வென்ற பிறகு, அதே பெயர் கொண்ட ஸ்டேஷன் வேகனை வாங்கியவர்கள் பலரும் அது வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும் என்றே எதிர்பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தால் மூக்கு வெளிப்பக்கமாக நழுவியது, உடல் சாய்ந்தது, ஸ்டீயரிங் தாமதமாகப் பதில் சொன்னது. சஸ்பென்ஷனை மாற்றும் ஆசை அங்கேதான் தொடங்குகிறது. எதை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை விற்பனைத் துண்டுப்பிரசுரம் சொல்லாது; பள்ளிக்கூட இயற்பியல் சொல்லும்.

ஒரு டயருக்கும் தரைக்கும் இடையே கிடைக்கும் பிடிப்பு மொத்தத்தில் ஓர் அளவுதான். முன்னோக்கி இழுக்க, பிரேக் பிடிக்க, பக்கவாட்டில் திருப்ப என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அளவிலிருந்துதான் எடுக்க வேண்டும். இழுவையும் திருப்பமும் ஒன்றுக்கொன்று செங்குத்தான விசைகள் என்பதால், ஒன்றுக்குச் செலவானது போக மற்றதற்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டே கண்டுவிடலாம். 1500 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, சக்கரத்துக்கு 375 கிலோ என்று சமமாகப் பிரிந்திருப்பதாக வைப்போம். பனிச்சாலையில் உராய்வுக் குணகம் 0.25 என்றால் ஒவ்வொரு டயரும் தாங்கும் விசை சுமார் 94 கிலோ. காரை முன்னே தள்ள 150 கிலோ விசை தேவைப்படுகிறது. முன்சக்கர இயக்கக் காரில் இரு முன்டயர்களும் தலைக்கு 75 கிலோ இழுக்க வேண்டும். திருப்பத்துக்கு மிஞ்சுவது 57 கிலோ. நான்கு டயர்களும் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு 37.5 கிலோ, மிஞ்சுவது 86 கிலோ. ஆக்சிலரேட்டரை மிதித்தபடி பனியில் திரும்பும்போது நாற்சக்கர இயக்கம் தரும் வரம் இதுதான். சிறிய வரமில்லை.

இப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இழுவை நின்றுவிட்டது. இரண்டு காரிலும் முன்டயருக்கு அதே 94 கிலோதான். பிரேக்கை மிதித்தாலும் அதே கதைதான். முன்சக்கர இயக்கக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. உலர்ந்த சாலையிலோ இழுவைக்குச் செலவாகும் பங்கே சொற்பம்; அங்கே இந்த வரம் அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது. நாற்சக்கர இயக்கத்தின் ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. சறுக்காமல் வேகம் எடுப்பதால் தரையில் பிடிப்பு நிறைய இருப்பதாக ஓட்டுபவருக்குத் தோன்றுகிறது. இல்லாத பிடிப்பை இருப்பதாக நம்பி வளைவுக்குள் நுழைகிறார்.

வளைவில் மூக்கு வெளியே தள்ளுவதை ஓட்டுபவர்கள் அண்டர்ஸ்டீர் என்பார்கள். பின்புறம் வெளியே வீசுவது ஓவர்ஸ்டீர். குடும்பக் கார் அனைத்தும் அண்டர்ஸ்டீர் பக்கம் சாய்த்தே செய்யப்படுகிறது. பயந்துபோன மனிதர் இயல்பாகச் செய்வது காலை எடுப்பதும் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவதும். மூக்கு நழுவும் காருக்குக் காலை எடுப்பதே மருந்து. பின்புறம் வீசும் காருக்கு அதுவே விஷம். 1997இல் சுவீடனில் ஒரு சோதனையில், திடீரென்று குறுக்கே வந்த விலங்கை விலக்கித் திரும்புவது போல ஓட்டியபோது மெர்சிடீஸின் உயரமான சிறிய குடும்பக் கார் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. பொறியாளர்கள் எச்சரிக்கையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் வைத்த அண்டர்ஸ்டீரை முழுக்கத் துடைத்தெறிய நினைப்பது சரியல்ல.

சுபாரு, ஆடி வகைக் கார்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. இன்ஜின் நீளவாக்கில், முன் ஆக்சிலுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரங்களுக்கு நேரான தண்டு. விசையைக் கடத்த அருமையான ஏற்பாடு. ஆனால் காரின் எடையில் பாதிக்கு நன்றாகவே மேற்பட்ட பங்கு முன்டயர்கள் மேல் விழுகிறது. திருப்ப வேண்டியதும் அவை, எடையைச் சுமப்பதும் அவை, இழுவையில் பங்கெடுப்பதும் அவை.

இனிதான் சஸ்பென்ஷனின் இதயமான விஷயம். கார் வளைவில் போகும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை நான்கே அளவுகள் தீர்மானிக்கின்றன: காரின் எடை, பக்கவாட்டு முடுக்கம், நிறைமையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம். 1500 கிலோ கார், 55 செ.மீ. உயரத்தில் நிறைமையம், 150 செ.மீ. அகலம், ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு பக்கவாட்டு முடுக்கம் என்றால் 275 கிலோ இடம் மாறும். அதே காரை சுபாருவின் உயரமான அவுட்பேக் வேகன் போல உயர்த்தி நிறைமையத்தை 62 செ.மீ.க்குக் கொண்டுபோனால் 310 கிலோ.

இந்தச் சமன்பாட்டில் ஸ்பிரிங்கின் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். கார் சாய்வதால்தான் எடை மாறுகிறது என்று பலர் நம்புகிறார்கள். சாய்வதால் நிறைமையம் சற்று வெளியே நகர்வது உண்மை. அதன் பங்கு மிகச் சிறியது. ஸ்பிரிங்கே இல்லாமல் இரும்புக்கட்டையாகக் காரைச் செய்தாலும் அந்த 275 கிலோ மாறியே தீரும். அப்படியானால் சஸ்பென்ஷனை மாற்றி என்ன பயன்? மாறும் மொத்த எடையில் முன் ஆக்சில் எவ்வளவு சுமக்க வேண்டும், பின் ஆக்சில் எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற பங்கீடு நம் கையில் இருக்கிறது. எந்த ஆக்சில் சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ, அது அதிகப் பங்கைச் சுமக்கும்.

அதனால் என்ன ஆகும் என்பதற்கு ரப்பரின் குணத்தைப் பார்க்க வேண்டும். டயர் மீது எடை கூடினால் பிடிப்பு கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. உதாரணமாக, 400 கிலோ சுமக்கும் டயர் 400 கிலோ பக்கவிசை தருகிறது என்போம். 200 கிலோ சுமந்தால் 220 தரும். 600 சுமந்தால் 540தான் தரும். ஓர் ஆக்சிலில் இரு டயர்களும் சமமாக 400 சுமந்தால் கிடைப்பது 800. உள்டயர் 200, வெளிடயர் 600 என்று மாறினால் கிடைப்பது 760. எடை எங்கும் போகவில்லை, மொத்தம் அதே 800தான். ஆனால் 40 கிலோ பிடிப்பு காணாமல் போய்விட்டது. எந்த ஆக்சிலில் எடை அதிகம் இடம் மாறுகிறதோ அந்த ஆக்சில் பிடிப்பை இழக்கிறது. மூக்கு நழுவும் காரில் பின்புறத்தின் சாய்வு எதிர்ப்பைக் கூட்டினால், எடைமாற்றத்தின் பெரிய பங்கைப் பின் ஆக்சில் வாங்கிக்கொள்ளும், முன்டயர்கள் இரண்டும் சற்றுச் சமமாகத் தரையில் நிற்கும், மூக்கு திரும்பும். முன்புறத்தைத் தொடாமலே முன்புறத்துக்கு வலு சேர்க்கும் இந்த வழி எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் ஒன்று.

அதைச் செய்யும் கருவி ஆன்ட்டி-ரோல் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் எஃகுக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போனால் அது சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கப்பட்டு, அந்த முறுக்கை எதிர்க்கும். எதிர்க்கும் வலு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 16 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 20 மி.மீ. கம்பி போட்டால் விட்டம் கால்பங்குதான் கூடியது. வலுவோ கிட்டத்தட்ட 2.4 மடங்கு. 20லிருந்து 22க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெளிவிட்டம் 22, உள்விட்டம் 16 கொண்ட குழாய், 20 மி.மீ. கெட்டிக் கம்பியைவிடச் சற்று வலுவானது. எடையோ நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைவு. முறுக்கைத் தாங்குவது வெளியோரத்து உலோகம்தான், நடுவில் இருப்பது சுமை மட்டுமே. ஆஸ்திரேலியாவின் ஒயிட்லைன் போன்ற நிறுவனங்கள் விற்கும் பின்புறப் பார்களில், நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். எந்தத் துளையில் இணைக்கிறோமோ அதற்கேற்ப நெம்புகோலின் நீளம் மாறும். பார் மிருதுவாகவோ கடினமாகவோ நடந்துகொள்ளும்.

விலை குறைவு, அரைநாள் வேலை, ஆசனத்தில் இருப்பவருக்குச் சொகுசு பெரிதாகக் கெடாது. நாற்சக்கர இயக்க வேகனுக்கு முதல் மாற்றமாகப் பின்புறப் பாரை மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பியை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் குனிந்து பாருங்கள். 2000களின் தொடக்கத்து சுபாரு இம்ப்ரெசாக்களில் அது மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. தொழிற்சாலைப் பாரின் விசைக்கு அளவெடுத்தது. இருமடங்கு வலுவுள்ள பார் வந்ததும் அது வளைவதும் உடைவதும் நன்கு அறியப்பட்ட குறை. தடித்த பாரோடு கெட்டியான பிராக்கெட்டும், பாரையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் சேர்க்கும் நல்ல லிங்குகளும் சேர்த்தே வாங்க வேண்டும். வலுவான கம்பியை நலிந்த பிடியில் மாட்டினால் வளைவின் முதல் நொடியில் பிராக்கெட் வளைந்து கொடுக்கும்; கார் தாமதமாகத்தான் பதில் சொல்லும்.

அளவுக்கு மீறவும் கூடாது. பின்புறத்தை மிகக் கடினமாக்கினால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டே எழும்பும். இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பின் டிஃபரன்ஷியலில் பூட்டு ஏதும் இல்லையென்றால் அந்தச் சக்கரம் காற்றில் சுழலும், விசை வீணாகும். அதைவிட முக்கியமானது மழை. உலர்ந்த சாலையில் இனிமையாகத் திரும்பிய அதே கார், ஈரச்சாலையில் காலைச் சட்டென்று எடுக்கும்போது பின்புறத்தை வீசக்கூடும். இந்தக் காரைக் குடும்பத்தில் வேறொருவரும் ஓட்டுவார். அவருக்கு அது தெரிந்திருக்காது. மிருதுவான துளையிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

அடுத்து ஸ்பிரிங். காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகள்தான் கடைகளில் அதிகம் விற்கும் பொருள். நிறைமையம் இறங்கும், எடைமாற்றம் குறையும் என்பது உண்மை. ஆனால் எர்ல் மெக்பெர்சன் வடிவமைத்து, 1950இல் பிரிட்டனின் ஃபோர்டு கான்சலில் வந்து, இன்று பெரும்பாலான குடும்பக் கார்களின் முன்புறத்தில் இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் அமைப்பு இதில் ஒரு கணக்கை ஒளித்து வைத்திருக்கிறது. கார் வளைவில் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை உருள்மையம் என்போம். அந்தப் புள்ளிக்கும் நிறைமையத்துக்கும் உள்ள தூரம்தான் சாய்க்கும் நெம்புகோல். மெக்பெர்சன் அமைப்பில் உருள்மையம், கீழே இருக்கும் லோயர் ஆர்மின் சாய்வைப் பொறுத்தது. காரைத் தாழ்த்தினால் ஆர்ம் கிடைநிலையைத் தாண்டி, சக்கரப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது நிறைமையம் 30 மி.மீ. இறங்கினால் உருள்மையம் அதைவிடக் கூடுதலாக இறங்கிவிடும். நெம்புகோல் நீள்கிறது. தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாயத் துடிக்கிறது. ஸ்பிரிங் கடினமாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பத் தொடங்கும். உருள்மையத்தைத் திருத்தும் நீண்ட பால் ஜாயிண்டுகள் உண்டு. ஆனால் ஒரு தவறைச் சரிசெய்ய இன்னொரு பொருளை வாங்குவதைவிட, தாழ்த்தாமலே இருப்பது மேல். பனிக்கும் மண்சாலைக்கும் 22 செ.மீ. தரையிடைவெளியோடு செய்த காரைத் தாழ்த்துவது, வாங்கிய காரணத்தையே விற்றுவிடுவதாகும்.

குடும்பக் கார் என்பதற்கு இன்னொரு பொருள், சுமை மாறிக்கொண்டே இருக்கும் கார். திங்கட்கிழமை ஒருவர், விடுமுறையில் ஐவரும் பெட்டிகளும். ஸ்பிரிங் மேல் அமர்ந்த எடை தனக்கென ஓர் அதிர்வெண்ணில் மேலும் கீழும் ஆடும். சாதாரணக் கார்களில் அது நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ஒரு நுட்பத்தைக் கண்டார்: பின்புறத்தின் அதிர்வெண் முன்புறத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின்னது கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்னதை எட்டிப்பிடித்து, கார் மூக்கும் வாலுமாக ஊசலாடாமல் ஒன்றாக ஏறி இறங்கும். முன்னால் 1.3 ஹெர்ட்ஸ், பின்னால் 1.5 ஹெர்ட்ஸ் என்று அமைத்திருக்கிறார்கள் என்போம். பின் ஸ்பிரிங்குகள் மேல் இருக்கும் எடை 500 கிலோவிலிருந்து 750 கிலோவுக்கு ஏறினால், வர்க்கமூலக் கணக்குப்படி 1.5 என்பது 1.22 ஆகிவிடும். ஒழுங்கு தலைகீழானது. நெடுஞ்சாலையில் கார் ஊசலாடுகிறது, வால் தாழ்ந்து மூக்கு தூக்குகிறது, விளக்கொளி எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கிறது, பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்குக் குமட்டுகிறது.

சுபாருவின் ஃபாரஸ்டர், அவுட்பேக் வேகன்கள் சிலவற்றில் இதற்கு அழகான ஒரு தீர்வு இருந்தது. மின்சாரமோ கம்ப்ரசரோ இல்லாமல், கார் ஓடும்போது ஏற்படும் ஏற்ற இறக்கத்தையே பம்பாக்கி, ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயை அழுத்தி, சிறிது தூரத்துக்குள் வாலைத் தன் உயரத்துக்குத் தூக்கிவிடும் அமைப்பு அது. பழையதானால் எண்ணெய் கசியும். புதிது வாங்க விலை கூடுதல். அதனால் பலர் சாதாரண ஷாக் அப்சார்பருக்கு மாறுகிறார்கள். அப்படி மாறும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். சுமையில் ஒரு பங்கை ஷாக் அப்சார்பரே தாங்கியதால் அந்தக் காரின் பின் ஸ்பிரிங் மிருதுவானது. அதை அப்படியே விட்டால் வெறும் காரே வால் தாழ்ந்து நிற்கும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு கணக்கு போதும். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கத் தேவையான வலு, ஸ்பிரிங் வலுவின் வர்க்கமூலத்தில் கூடும். ஸ்பிரிங்கை ஐம்பது சதவீதம் கடினமாக்கினால் ஷாக் அப்சார்பர் இருபத்திரண்டு சதவீதம் கடினமாக வேண்டும். பழைய, களைத்த ஷாக் அப்சார்பரோடு புதிய ஸ்பிரிங்கை ஜோடி சேர்த்தால் டயர் தரையில் துள்ளும். துள்ளும் நொடியில் பிடிப்பு பூஜ்யம். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வேகனில் நல்ல ஷாக் அப்சார்பர் நான்கைப் போட்டாலே, வேறெதையும் தொடாமல், புதுக் கார் வாங்கியது போலத் தெரியும்.

இதை ஜப்பானியர்கள் தொழிற்சாலையிலேயே செய்து காட்டினார்கள். 1996இல் வந்த லெகசி டூரிங் வேகன் ஜிடி-பி, இரண்டு லிட்டர் இன்ஜினில் 280 குதிரைத்திறன் தந்த குடும்ப வேகன். அதில் ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனத்து ஷாக் அப்சார்பர்கள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. சாதாரண ஸ்ட்ரட்டில் மெல்லிய பிஸ்டன் தண்டுதான் வளைவின் பக்கவிசையைத் தாங்குகிறது. தலைகீழாக்கினால் தடித்த குழாயே அந்த வேலையைச் செய்கிறது. வளைந்து கொடுப்பது குறைகிறது, சக்கரத்தின் கோணம் நிலைக்கிறது. நாய்க்கும் மடக்குக் கட்டிலுக்கும் இடமுள்ள வண்டியில் இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் உலோகத்துக்கு இடையே இருக்கும் புஷ்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரித்தேன் போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகும். ஸ்டீயரிங் ராக்கைப் பிடித்திருக்கும் புஷ், ஆன்ட்டி-ரோல் பார் புஷ் ஆகிய இடங்களில் தாராளமாகப் போடலாம். ஆனால் பின்புறத்துப் பல-லிங்க் அமைப்பில் சில புஷ்கள் சுழல்வது மட்டுமல்ல, எல்லாப் பக்கமும் முறுகி வளைய வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலியூரித்தேன் கொடுக்காது. அங்கே சஸ்பென்ஷன் இறுகிக்கொண்டு, கணக்கில் வராத இன்னொரு ஸ்பிரிங்காக நடந்துகொள்ளும்.

வீல் அலைன்மென்டுக்கு உரிய மரியாதையை யாரும் தருவதில்லை. கார் வளைவில் மூன்று டிகிரி சாய்ந்தால், மெக்பெர்சன் அமைப்பில் வெளிச்சக்கரமும் கிட்டத்தட்ட அவ்வளவும் வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் வெளியோரத்தில் நிற்கும். நேராக நிற்கும்போதே சக்கரத்தின் தலையை ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி உள்ளே சாய்த்து வைத்தால், அந்த இழப்பில் ஒரு பங்கு மீளும். சுபாரு கார்களின் முன் ஸ்ட்ரட்டில் மேல் போல்ட்டே மையம் விலகியதாக, இதற்கென்று கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்பானர், ஒரு நல்ல அலைன்மென்ட் மேடை, பொறுமையுள்ள ஒரு தொழிலாளி. மூக்கு நழுவும் காருக்குக் காசு குறைந்த மருந்து இதுவே.

நவீனக் கார்களில் மென்பொருள் இந்த வேலையில் பங்கெடுக்கிறது. 1996இல் மிட்சுபிஷியின் லெக்னம் விஆர்-4 வேகன், பின் ஆக்சிலில் இடது வலது சக்கரங்களுக்கு விசையை வெவ்வேறாகப் பங்கிட்டது. வெளிப்பக்கப் பின்சக்கரம் அதிகம் தள்ளினால் கார் உள்பக்கம் திரும்பும். இன்று பல கார்களில் உள்சக்கரத்தை மெல்லப் பிரேக் பிடித்தே இதைச் செய்கிறார்கள். காரின் தொழிற்சாலை நடத்தையை அறிந்து எழுதப்பட்ட மென்பொருள் அது. சஸ்பென்ஷனை வெகுவாக மாற்றினால் அது தவறான நேரத்தில் குறுக்கிடலாம். சிறிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ள இது இன்னொரு காரணம்.

கடைசியாக டயர். செலவழிக்கும்போது இதுதான் முதலில் வர வேண்டும். 1500 கிலோ கார், சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ காற்றழுத்தம் என்றால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 167 சதுர செ.மீ.தான்; பக்கத்துக்குப் பதின்மூன்று செ.மீ. உள்ள ஒரு சதுரம். மேலே சொன்ன பார், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாமே அந்த நான்கு சதுரங்களையும் தரையில் ஒழுங்காக அழுத்தி வைப்பதற்கான ஏற்பாடுகள். சதுரத்தில் இருப்பது மட்டமான ரப்பர் என்றால் எதுவும் உதவாது.

நாற்சக்கர இயக்கக் காருக்கு மட்டும் உரிய ஒரு விதியும் உண்டு. முன்னும் பின்னும் தண்டால் இணைக்கப்பட்டிருப்பதால் நான்கு டயர்களும் ஒரே அளவில் உருள வேண்டும். சுபாரு சொல்லும் வரம்பு, டயர்களின் சுற்றளவில் கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6.4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது. அதை ஆரமாக்கினால் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஒரு டயர் பஞ்சராகிக் கிழிந்துபோனது என்று அதை மட்டும் புதிதாகப் போட்டால், தேய்ந்த மற்ற மூன்றுக்கும் அதற்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி எளிதில் வந்துவிடும். அப்போது நேர்ச்சாலையில் போகும்போதுகூட முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலும், சில கார்களில் அதற்குள் இருக்கும் பிசுபிசுத்த சிலிக்கோன் திரவமும் ஓயாமல் உழைத்துச் சூடேறிக் கெட்டுப்போகும். ஆகவே ஒரு வேண்டுகோள். பின்புறப் பாருக்கு விலை கேட்கும் முன், நான்கு டயர்களின் மேற்பரப்புப் பள்ளங்களின் ஆழத்தையும் அளந்து எழுதி வையுங்கள். டயர் வாங்கும்போது நான்கையும் சேர்த்தே வாங்குங்கள். டயர்களின் காற்றழுத்தத்தை, குடும்பம் முழுதும் ஏறிப் புறப்படும் நாளில், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் முழுச் சுமைக்குக் கொடுத்திருக்கும் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.